தொரைக்குச் சாவி குடுத்தாச்சா?

போன வாரம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கலாம் என்று பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் தையல் கடைக்குப் போயிருந்தேன். தையல்காரர் மிஷினைப் பின்பக்கமாகச் சாய்த்து வைத்து, மூக்கு நீண்ட சின்ன டப்பாவிலிருந்து சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அந்த வாசனை வந்ததும் அளவு ஜாக்கெட்டைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். "கை எவ்ளோ நீளம் வெக்கறதுங்க?" என்று அவர் கேட்டிருக்கிறார். நான் அதற்கு, "ஒரு சொட்டு போதுங்க, மேல விட்டா அழுக்கு ஒட்டிக்கும்" என்று பதில் சொல்லியிருக்கிறேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பாவம், இந்த அம்மாவுக்கு வயசாகிவிட்டது என்று நினைத்திருப்பார். நினைத்துக்கொள்ளட்டும். அந்த நிமிஷம் நான் அந்தக் கடையில் இல்லை, என் மாமனார் வீட்டு முன்னறையில் இருந்தேன்.

அந்த முன்னறையில் ஆளைவிட உயரமான ஒரு கடிகாரம் நின்றது. சுவரில் மாட்டுவதல்ல, தன் காலிலேயே நிற்பது. மேலே முகம், நடுவில் கண்ணாடிக் கதவு, கதவுக்குள்ளே நீளமான ஊசல், இரண்டு பக்கமும் கம்பி வடத்தில் தொங்கும் பித்தளைக் குண்டுகள். குண்டுகள் வாரம் முழுக்க மெதுவாக இறங்கிக்கொண்டே இருக்கும். அவை இறங்குவதால்தான் கடிகாரம் ஓடுகிறது. அடியைத் தொடுவதற்குள் முகத்தில் இருக்கும் துளையில் சாவியைப் போட்டுச் சுற்றி மேலே ஏற்றிவிட வேண்டும். அந்தச் சாவியும் பூட்டுச் சாவி மாதிரி இருக்காது. வளைந்த கைப்பிடியோடு, கையால் சுற்றும் தையல் மிஷினுக்கு யாரோ செய்த பொம்மைக் கைப்பிடி போல இருக்கும்.

மாமனாரின் அப்பா ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்துத் துரையிடம் சமையல்காரராக இருந்தவர். துரை சீமைக்குத் திரும்பிப் போகும்போது இதைக் கொடுத்துவிட்டுப் போனாராம். வைக்கோல் மெத்தையில் படுக்கவைத்து மலையிலிருந்து இறக்கி, தொப்பூர்க் கணவாய் ஏற்றத்தில் மாடுகள் மக்கர் பண்ண, ஆட்கள் வண்டியைத் தள்ளி ஏற்றினார்கள் என்பது வீட்டுக் கதை. மாமா இந்தக் கதையைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் தள்ளிய ஆட்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும். கொடுத்தவர் பெயரே கடிகாரத்துக்கும் வந்துவிட்டது. வீட்டில் அதைக் கடிகாரம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். தொரை. "தொரை அடிச்சுட்டாரு, பூசைக்குக் கெளம்புங்க" என்பார்கள். மாதா கோயில் மணிக்கும் தொரைக்கும் ஒத்துப்போகாத நாட்களில், கோயில் மணி தப்பு என்று மாமா சாதிப்பார். அந்த வீட்டில் தொரைக்கு எதிராகப் பேச யாருக்கும் தைரியம் கிடையாது.

தொரைக்கு ஊழியம் செய்ய ஒரு ஆள் இருந்தார். மாமாவின் மூத்த மகள், என் வீட்டுக்காரருக்கு அக்கா. சகாயமேரி என்று பெயர். எனக்கும் அக்காதான். வருஷத்துக்கு ஒரு முறை கோழி இறகின் நுனியில் தையல் மிஷின் எண்ணெயைத் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே வைப்பார். பெரிய ஆபரேஷன் நடப்பது போல வீடே அமைதியாக இருக்க வேண்டும். பலகைக்கு மெருகு ஏற்ற, கோயிலில் பீடத்தில் எரிந்து மிஞ்சிய மெழுகுத் துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்து, கர்ப்பூரத் தைலத்தில் உருக்கித் தேய்ப்பார். எங்கள் தொரை மேல் எப்போதும் ஈஸ்டர் வாசனை அடிக்கும். கரையான் வராமல் இருக்க நான்கு காலையும் சுற்றி மண்ணெண்ணெய். சித்திரை வெயிலில் ஊசல் கம்பி நீண்டு நேரம் பிந்தும், அப்போது ஊசல் தட்டுக்குக் கீழே இருக்கும் திருகை ஒரு துளி மேலே ஏற்றுவார். பனிக்காலத்தில் அதே துளி கீழே. முள்ளைப் பின்னால் திருப்பவே கூடாது. தரை காரை பெயர்ந்து ஒரு பக்கம் தாழ்ந்துவிட்டால், டிக்கும் டாக்கும் சமமாக விழாது. அதற்கு அக்கா ஒரு வார்த்தை வைத்திருந்தார். "தொரை நொண்டறாரு." அடுப்படியில் ரசம் தாளித்துக்கொண்டிருப்பவர் அப்படியே கரண்டியோடு வந்து, காது வைத்துக் கேட்டு, காலுக்கடியில் ஒரு மரச்சீவலைத் தட்டிச் சொருகிவிட்டுப் போவார். எனக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. தெரிந்த மாதிரி தலையாட்டுவேன்.

எல்லாவற்றுக்கும் மேலே, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் சாவி கொடுப்பது.

இந்தச் 'சாவி' என்ற சொல்லைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பிறகு நடந்தது உங்களுக்கு விளங்காது. பூட்டைத் திறப்பதும் சாவிதான். கடிகாரத்தை முறுக்குவதும் சாவி கொடுப்பதுதான். மாமா வயலில் நின்று "சாவியாப் போச்சு" என்றால் நெல்லில் மணி பிடிக்கவில்லை, வெறும் பதர் என்று அர்த்தம். போதாததற்கு, ஒருத்தரைத் தூண்டிவிடுவதும் சாவி கொடுப்பதுதான். நான் கர்நாடக எல்லையோரம் இருக்கும் தளிப் பக்கத்துப் பெண். எங்கள் வீட்டில் கன்னடம். என் அப்பாவின் கைக்கடிகாரத்துக்கு நாங்கள் 'கீ' கொடுப்போம். சாவி என்றால் எங்களுக்குப் பீரோ சாவி, வீட்டுச் சாவி, அவ்வளவுதான்.

அக்காவின் கதையையும் சொல்லிவிடுகிறேன். அவரைப் பென்னாகரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். குடிகாரப் புருஷன். ஒரு நாள் கையை முறுக்கி ஒடித்துவிட்டான். கட்டுப் போட்ட கையோடு, ஒரு ரெக்சின் பையோடு, பஸ் ஏறி அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். கோயிலில் கட்டிய தாலி, அறுத்துக்கொள்ளவும் வழியில்லை. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, "எப்பம்மா போற?" என்று கேட்டுவிட்டுப் போனார்களாம். மாமா மட்டும் கேட்கவில்லை. மனைவியை இழந்தவர், வாய்ப்பேச்சும் குறைச்சல். 'இங்கேயே இரு' என்று சொல்ல அவருக்கு வரவில்லை. கட்டுப் பிரித்த ஞாயிற்றுக்கிழமை, தொரையின் சாவியை ஆணியிலிருந்து எடுத்து அக்கா கையில் வைத்து, "கை சரியாப்போச்சான்னு இதச் சுத்திப் பாரு. இனிமே நீயே பாத்துக்கம்மா" என்றாராம். அன்றிலிருந்து அந்தச் சாவி அக்காவின் இடுப்பில்தான். யாராவது எப்போது போகிறாய் என்று கேட்டால், முந்தானைக்குள்ளே அதை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொள்வேன் என்று என்னிடம் பின்னாளில் சொன்னார்.

இதெல்லாம் எதுவும் தெரியாமல்தான் நான் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போனேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை, தருமபுரிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்திருந்தேன். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "மூணு நிமிஷம் ஆச்சுங்க, முடிச்சுக்கறீங்களா?" என்று சேலத்துக்கும் பெங்களூருக்கும் நடுவே எத்தனையோ பேரின் அழுகையையும் சிரிப்பையும் துண்டித்தவள். நேரம் என்றால் எனக்குத் தெரியாததா என்ற திமிர் கொஞ்சம் இருந்தது. அப்படிப்பட்டவள், அந்தத் தொரை பாட்டரியில் ஓடுகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். அவ்வளவு பெரிய பெட்டி, உள்ளே எங்கேயாவது பெரிய பாட்டரி இருக்கும்!

கல்யாணம் முடிந்த கையோடு என் வீட்டுக்காரர் ஓசூருக்கு வேலைக்குத் திரும்பிவிட்டார், சனிக்கிழமைதான் வருவார், அந்த வாரம் அதுவும் இல்லை. அது மாங்காய் சீசன். மாமாவும் பாலக்கோட்டுப் பக்கத்துத் தோப்புக்குக் காவலுக்குக் கிளம்பினார். மொபெட்டை உதைத்து ஸ்டார்ட் பண்ணி, அதன் சத்தத்துக்கு மேலே கத்தி, வாசலில் நின்ற அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

"புதுப்பொண்ணு வந்தாச்சு. ஞாயித்துக்கெழம மறக்காத சாவி குடுத்துரும்மா!"

அவர் சொன்னது வேறொன்றுமில்லை. புதுப்பெண்ணைப் பார்க்கச் சொந்தக்காரர்கள் வந்து போவார்கள், அவர்கள் முன்னால் தொரை நின்று மானத்தை வாங்கக் கூடாது, மறக்காமல் முறுக்கிவிடு. அவ்வளவுதான். அக்கா காதில் விழுந்தது, மருமகள் வந்துவிட்டாள், அவளிடம் சாவியைக் கொடுத்துவிடு என்று.

நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். எனக்கும் அப்படித்தான் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அக்கா இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து, முந்தானையில் துடைத்து, என் கையில் வைத்தார். "இந்தா கண்ணு. அப்பா குடுக்கச் சொல்லிட்டாரு. இனிமே நீதான் பாத்துக்கணும்." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. எனக்கு ஒரே பெருமை. வந்த வாரத்திலேயே சாவி கைக்கு வருகிறதென்றால் சும்மாவா? பார்த்துக்கொள்ளச் சொன்னதால் பத்திரமாகப் பார்த்துக்கொண்டேன். கல்யாணக் கைக்குட்டையில் சுற்றி, சீர் பீரோவின் உள் அறையில், நகைக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டிவிட்டேன். அது கண்ணாடிக் கதவைப் பூட்டுகிற சாவி என்றே நினைத்தேன். இவ்வளவு வளைந்த சாவிக்கு எந்த மாதிரிப் பூட்டு என்று யோசிக்கக்கூட இல்லை.

அக்கா அந்த அறைக்குள் வருவதை நிறுத்திக்கொண்டார். கூட்டுவதற்குக்கூட என்னைத்தான் அனுப்பினார். குண்டுகள் இறங்கிக்கொண்டே இருந்ததை அவர் பார்க்காமலா இருந்திருப்பார்? சமையலறை வாசலில் இருந்து பார்த்தாலே தெரியும். ஆனால் கொடுத்ததைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்ற ரோஷம். நான் செய்யவில்லை என்று சொன்னால், நாத்தனார் குறை சொல்கிறாள் என்று ஆகிவிடுமே என்ற பயமும் இருந்திருக்கும்.

செவ்வாயோ புதனோ, எக்ஸ்சேஞ்சிலிருந்து சாயங்காலம் திரும்பி வந்தபோது வீடு என்னவோ போல இருந்தது. காது அடைத்துக்கொண்டதா என்று விரல் விட்டுப் பார்த்துக்கொண்டேன். பல நாள் ஹெட்போன் போட்ட காது, சந்தேகம் வருவது நியாயம்தானே. அக்கா நல்ல சேலை கட்டி, தலை வாரி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாசல் கதவோரம் அந்த ரெக்சின் பை.

"எங்கக்கா கெளம்பிட்டீங்க?"

"பென்னாகரத்துக்குப் போறேன் கண்ணு. சோறு வடிச்சு வெச்சிருக்கேன். கொழம்பு மட்டும் சூடு பண்ணிக்க."

"யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லிங்களா?"

"அதெல்லாம் இல்ல. எத்தன நாளைக்கு இங்கயே கெடக்கறது. அவிய அவிய வூட்ல இருக்கறதுதான மொறை."

எனக்கு அப்போது அந்தப் புருஷனைப் பற்றி எதுவும் தெரியாது. தெரிந்திருந்தால் காலைக் கட்டிக்கொண்டிருப்பேன். தெரியாததால், "எப்பக்கா வருவீங்க?" என்று கேட்டேன். அவர் பையைத் தூக்கப் போனார்.

அந்த நேரத்தில் வாசலில் மொபெட் சத்தம். மருமகளுக்கு முதல் அறுப்பு மாம்பழம் கொடுக்க வேண்டும் என்று மாமா ஒரு கூடையைக் கட்டி எடுத்துக்கொண்டு வந்திருந்தார். கூடையை இறக்கவில்லை, செருப்பைக் கழற்றவில்லை, வாசற்படியிலேயே நின்றுவிட்டார். தொரையின் சத்தம் இல்லாதது அவருக்குக் கேட்டது. எனக்குக் கேட்காதது.

"ஏம்மா, சாவி குடுக்கலையா?"

"குடுத்துட்டேங்கப்பா."

"குடுத்தா எதுக்கு நிக்குது?"

"அத எங்கிட்ட எதுக்குங்க கேக்கறீங்க?"

மாமா கூடையோடு உள்ளே போய்க் கண்ணாடிக் கதவைத் திறந்தார். இரண்டு குண்டும் அடியில் உட்கார்ந்திருந்தன. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பொய் பேசாத சகாயம். நீ சாவி குடுக்கவே இல்ல."

அக்கா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அப்படியே உடைந்துவிட்டார். "குடுத்தேன். நீங்க சொன்ன மாதிரியே குடுத்தேன். பூசை முடிஞ்சு வந்து இவ கையிலதான் குடுத்தேன். நான் எதுக்குப் பொய் சொல்றேன்? அதான் போறேனே, இன்னும் என்ன?"

எனக்கு ஒரே பதற்றம். சாவியைக் களவாடிவிட்டேன் என்று நினைக்கிறார்களோ என்று ஓடிப்போய், பீரோவைத் திறந்து, கைக்குட்டையோடு கொண்டுவந்து நீட்டினேன். "பத்திரமா வெச்சிருக்கேன் மாமா. நகையோட வெச்சிருக்கேன்."

மாமா கைக்குட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். கடைசியாகக் கதவோரம் இருந்த பையைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு எல்லாம் புரிந்தது. கூடையைக் கீழே வைத்துவிட்டு, தரையில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

"அடிப் பைத்தியக்காரப் புள்ள. தொரைக்குக் குடுன்னு சொன்னேன்டி. இவளுக்குக் குடுன்னு எப்பச் சொன்னேன்?"

பிறகு பேசினார், அக்காவைப் பார்க்காமல், மாம்பழக் கூடையைப் பார்த்து. "உன்னய நான் போவச் சொல்லுவனா? அந்தப் பாவிகிட்ட நானே அனுப்புவனா? என்னயப் பத்தி அப்படியா நெனச்ச?" மாமா அழுதார். நான் கன்னடத்தில் என்னவோ உளறிக்கொண்டு நடுவில் நின்றேன். சிரிக்க வேண்டிய சங்கதிதான், ஒரு வார்த்தையைத் தப்பாகக் கேட்டது. ஆனால் அடுத்த பஸ் போகிற வரைக்கும் மாமா வராமல் இருந்திருந்தால், அக்கா அந்தக் கையை ஒடித்தவனிடமே போய்ச் சேர்ந்திருப்பார்.

அக்கா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். என் கையிலிருந்து சாவியை எடுத்து, துளையில் போட்டுச் சுற்ற ஆரம்பித்தார். கரக் கரக் கரக் என்று குண்டுகள் ஏறின. நேரம் வைக்க என் கைக்கடிகாரத்தைக் கேட்டார். அன்றைக்குத்தான் எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. எக்ஸ்சேஞ்சு சுவரில் இருந்த பெரிய கடிகாரம்தான் எங்களுக்கெல்லாம் பிரமாணம். சனிக்கிழமை டியூட்டி முடியும்போது அதைப் பார்த்து என் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொண்டு, வழியில் யாரோடும் பேசாமல், தளும்பத் தளும்பக் குடத்தில் தண்ணீர் கொண்டுவருவது போல நேரத்தை வீட்டுக்குக் கொண்டுவருவேன். ஞாயிற்றுக்கிழமை அக்கா சாவி கொடுப்பார், நான் நேரம் சொல்வேன். அதன் பிறகு அந்த வீட்டில் மாமா ஒருபோதும் வெறுமனே "சாவி குடு" என்று சொன்னதில்லை. "தொரைக்குச் சாவி குடுத்தாச்சா?" என்று தெளிவாக, பெயர் சொல்லித்தான் கேட்பார். சொந்தக்காரர்கள் மட்டும், புது மருமகள்தான் மாமனாருக்குச் சாவி கொடுத்து நாத்தனாரைத் துரத்தப் பார்த்தாள் என்று கொஞ்ச நாள் பேசினார்கள். நான் உண்மையில் சாவியைக் கொடுக்கவே இல்லை, அதுதானே பிரச்சனை!

அந்தப் புருஷன் ஒரு தடவை வந்தான். குடித்திருக்கவில்லை, திருநீறு போல வெள்ளையாய் ஒரு சட்டை போட்டுக்கொண்டு, கூப்பிட்டுப் போக வந்திருந்தான். முன்னறையில் உட்கார்ந்து நிறையப் பேசினான். அக்கா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றார். "வர முடியாதுங்க" என்றார். ஏன் என்று கேட்டான். அடித்ததைச் சொல்வார், ஒடித்ததைச் சொல்வார் என்று நான் காத்திருந்தேன். அக்கா தொரையைக் காட்டினார். "ஞாயித்துக்கெழம இவருக்கு நான் சாவி குடுக்கோணும். நான் வந்துட்டா யாரு குடுப்பா?" அவன் தொரையையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தான். காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

நான் வேலை பார்த்த எக்ஸ்சேஞ்சில் இப்போது ஆபரேட்டர் கிடையாது, நேரத்தை ஏந்திக்கொண்டு வர வேண்டிய அவசியமும் யாருக்கும் இல்லை. மாமா போய்ச் சேர்ந்தார். ரோடு அகலமானபோது அந்த வீடும் போனது. புது வீட்டுக்கு வரும்போது ஊசலைக் கழற்றி, சேலையில் சுற்றி, அக்கா ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அவருக்கென்று கட்டிய அறையில்தான் தொரையை நிறுத்தினோம். என் பிள்ளைகள் சென்னையிலிருந்து போன் பண்ணினால் அத்தையிடம் முதலில் கேட்பது அதைத்தான், தொரைக்குச் சாவி குடுத்தாச்சா என்று.

போன மழைக்காலத்தில் அக்கா போய்விட்டார். தூக்கத்தில், யாருக்கும் தொந்தரவு இல்லாமல். அடக்கம் முடிந்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். பிள்ளைகள் இருந்தார்கள், என் வீட்டுக்காரர் இருந்தார். உள்ளே தொரை ஓடிக்கொண்டிருந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை. கேட்கவும் இல்லை. செவ்வாய்க்கிழமை அவர் நின்றார்.

சாவி அக்காவின் இடுப்புக் கயிற்றோடு கட்டிலின் தலைமாட்டில் தொங்குகிறது. பத்து நிமிஷ வேலை, எனக்கும் இப்போது எல்லாம் தெரியும். இந்தத் தீபாவளி லீவில் வந்த மகன்கூட, "எடுத்துச் சுத்தும்மா, பாவமா நிக்குது" என்றான். அறையைக் கூட்டுகிறேன், பலகையைத் துடைக்கிறேன், கட்டிலுக்குப் புது விரிப்பு போடுகிறேன். அந்தச் சாவியை மட்டும் என்னால் எடுக்க முடியவில்லை. நான் எடுத்துவிட்டால், அக்கா கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார் என்று ஆகிவிடும்.